பழைய காருக்கு டைனமோவா ஆல்டர்னேட்டரா: முடிவு பண்றதுல இருந்து மாட்டி முடிக்கிற வரைக்கும்

நைட்ல ஹெட்லைட் போட்டுட்டு சிக்னல்ல நிக்கும்போது லைட் மங்குது, டாஷ்போர்டுல சார்ஜிங் வார்னிங் சிவப்பு லைட் லேசா முழிச்சு பாக்குதுன்னு யார்கிட்டயாவது சொல்லி பாருங்க, "அந்த டைனமோவ கழட்டி போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுங்க"ன்னு உடனே ஒரு பதில் வரும். பாதி கேஸ்ல அது தேவையே இல்லாத வேலை, மீதி பாதில அது சரியான வேலைதான் ஆனா அரைகுறையா செஞ்சு வயரிங்கை கருக்கிடுவாங்க. அதனால எதை வாங்கலாம்னு பாக்குறதுக்கு முன்னாடி உங்க கார் எவ்வளவு கரண்ட் கேக்குதுன்னு பாருங்க, முடிவு தானா அங்க இருந்து வரும். (ஜெனரேட்டர்னு சொன்னாலும் டைனமோன்னு சொன்னாலும் இங்க ஒரே ஐட்டம்தான், எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிச்சு பேட்டரியை சார்ஜ் பண்றது, ஆல்டர்னேட்டர் அதே வேலையை வேற மாதிரி செய்யுறது, நான் டைனமோன்னே எழுதுறேன்.)

முதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்

இது தியரின்னு தாண்டி போயிடாதீங்க, பின்னாடி வர்ற எல்லா முடிவும் இதுல இருந்துதான் வருது.

டைனமோல காந்தப்புலம் உண்டாக்குற ஃபீல்டு காயில் பாடியோட அசையாம இருக்கும், உள்ள சுத்துற ஆர்மேச்சர்லதான் கரண்ட் உற்பத்தி ஆகும். அப்படி வர்ற மொத்த கரண்டும் கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சர் முனைல இருக்கற செம்பு துண்டு வளையம்) வழியா, ரெண்டு கார்பன் பிரஷ் வழியாத்தான் வெளிய வரணும். கனமான வைண்டிங் சுத்துறதால ரொம்ப வேகமா சுத்த விட முடியாது, விட்டா வைண்டிங் வெளிய பிதுங்கிடும், கம்யூட்டேட்டர் செதறிடும். அதனால பெரிய புல்லி போட்டு மெதுவாத்தான் ஓட்டுவாங்க. மெதுவா ஓட்டுறதால ஐட்லிங்ல ஒண்ணும் தராது. லூகாஸ்ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட சி40 மாதிரி ஒரு சாதாரண டைனமோ 22 ஆம்ப் தரும், ஆனா அந்த முழு 22-ம் வர டைனமோ சுமாரா 2,250 ஆர்பிஎம்ல சுத்தணும், சார்ஜ் பண்ணவே ஆரம்பிக்கறது கிட்டத்தட்ட 1,450-லதான். ஐட்லிங்ல சிவப்பு லைட் மினுங்குறது இதனாலதான், அது ரிப்பேர் இல்ல, டைனமோவோட குணமே அது.

ஆல்டர்னேட்டர்ல எல்லாம் தலைகீழ். ஃபீல்டு சுத்தும், கரண்ட் உற்பத்தி ஆகுற வைண்டிங் அசையாம வெளி வட்டத்துல இருக்கும். பிரஷ் வழியா போறது ஃபீல்டுக்கு தேவையான ரெண்டு மூணு ஆம்ப் மட்டும்தான், அதனால பிரஷ் வருஷக்கணக்கா வரும், ரோட்டரை (உள்ள சுத்துற பாகம்) 12,000 ஆர்பிஎம் தாண்டி கூட சுத்தலாம். சின்ன புல்லி போட்டு வேகமா ஓட்டலாம்ங்கறதால ஐட்லிங்லயே லைட் எரிக்கிற அளவுக்கு கரண்ட் வந்துடும். உள்ள வர்றது ஏசி, அதை ஆறு டயோடு டிசியா மாத்தும். அந்த டயோடுங்களே பேட்டரி கரண்ட் திரும்பி உள்ள வராம தடுத்துடும், அதனால டைனமோக்கு இதே வேலைக்கு வேண்டிய கட்அவுட் சுவிட்ச் இதுக்கு வேண்டாம், ஆம்பியரையும் அதுவே ஒரு அளவுக்கு மேல விடாது. வோல்டேஜ் ரெகுலேட்டர் மட்டும் போதும்.

அப்போ ஏன் ஆரம்பத்துலயே ஆல்டர்னேட்டர் போடலன்னா, சின்னதா, விலை குறைவா, சூடு தாங்குற சிலிக்கான் டயோடு வர்ற வரைக்கும் கார்ல அது கட்டுப்படியாகல. 1960 மாடல் வேலியண்ட்ல கிரைஸ்லர் அதை ஸ்டாண்டர்டா குடுத்தாங்க, அதுக்கப்புறம் சில வருஷத்துல மத்த அமெரிக்க கம்பெனிங்களும் மாறிட்டாங்க, இங்கிலாந்துல இன்னும் கொஞ்சம் லேட், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1967 கடைசில வந்த மார்க் 2-லதான் மாறுச்சு. ஆகவே உங்க கார் 60-கள் நடுவுலன்னா ரெண்டுங்கெட்டான் காலம், ஒரே மாடல்ல ஒரு வருஷம் டைனமோ அடுத்த வருஷம் ஆல்டர்னேட்டர்னு வந்திருக்கும், இது நமக்கு நல்லது, ஏன்னு பிராக்கெட் பத்தி சொல்றப்ப வரும்.

படி 1: லோடு கணக்கு போடுங்க

ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. உங்க கார் மழை பெய்யுற ராத்திரில என்னெல்லாம் ஒண்ணா ஓடும்னு எழுதுங்க. வாட்ஸ் தெரிஞ்சா 12-ல வகுத்தா ஆம்ப் வந்துடும், 6 வோல்ட் காருன்னா 6-ல.

இக்னிஷன் காயில் 3, 4 ஆம்ப். பழைய டங்ஸ்டன் ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து சுமாரா 7 ஆம்ப், அதை எச்4 ஹாலோஜனா மாத்தியிருந்தா டிம்ல 9, பிரைட்ல 10. டெயில் லைட், பார்க் லைட், நம்பர் பிளேட், மீட்டர் பல்பு எல்லாம் சேர்த்து 2.5. வைப்பர் 3. ஹீட்டர் புளோயர் இருந்தா 5. எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பு இருந்தா 1.5. பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் விட்டு விட்டு வர்றதுதானே, கணக்குல சேக்க வேண்டாம்.

எல்லாம் ஒரிஜினலா இருக்கற கார்ல இது 21 கிட்ட வரும், ஹீட்டர் போடலன்னா 16. ஹாலோஜனும் எலக்ட்ரிக் பம்பும் சேந்தா 24, 25. இப்ப பாருங்க, 22 ஆம்ப் டைனமோ முதல் கார்ல தாக்குப் பிடிக்கும், ரெண்டாவது கார்ல ஹைவேல முழு வேகத்துல போனாலும் பேட்டரில இருந்து திருடித்தான் ஓட்டணும். ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருந்தா (8-ல இருந்து 12 ஆம்ப்) பேச்சே வேண்டாம், அந்த ஃபேன் ஓடுறதே டிராஃபிக்ல நிக்கும்போதுதான், டைனமோ தூங்குறதும் அப்பதான்.

என்னோட அளவுகோல்: தொடர்ந்து ஓடுற லோடு டைனமோ ரேட்டிங்ல முக்கால்வாசிக்குள்ள இருந்தா டைனமோவே போதும். முழு ரேட்டிங்கையும் தொட்டா ஆல்டர்னேட்டர். நடுவுல மாட்டிக்கிட்டா முதல்ல லோடை குறைக்க பாருங்க, டெயில் லைட், மீட்டர் பல்பு, பார்க் லைட் எல்லாம் எல்இடி ஆக்கினா ரெண்டு ஆம்ப் கிட்ட மிச்சம் ஆகும், ஒரு பிராக்கெட்டும் வெட்ட வேண்டியதில்ல. பாசிட்டிவ் எர்த் காருன்னா (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியோட சேந்திருக்கற கார்) அதுக்கு ஏத்த எல்இடியா கேட்டு வாங்குங்க, சாதாரணமானது எரியாது. சார்ஜிங் வார்னிங் லைட்டை மட்டும் எல்இடி ஆக்காதீங்க, காரணம் கீழ வருது.

நீங்க எப்படி ஓட்டுறீங்கங்கறதும் இதுல சேர்த்தி. ஞாயித்துக்கிழமை காலைல வெயில்ல ஒரு ரவுண்டு போயிட்டு வர்ற காருக்கு ஆல்டர்னேட்டர் எதுக்கு? அதே கார்ல தினமும் ஆபீஸ் போறீங்க, ராத்திரி திரும்புறீங்கன்னா கதை வேற. ஒரிஜினாலிட்டி பாத்து மார்க் போடுற போட்டிக்கு கொண்டு போற காருன்னா பானட்டை தூக்குனதும் தெரியற முதல் ஐட்டம் இதுதான், அங்க டைனமோவை விடாதீங்க.

படி 2: இருக்கற டைனமோ நிஜமாவே கெட்டு போச்சான்னு பாருங்க

இதுலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. சார்ஜ் ஆகலன்னாலே டைனமோ போச்சுன்னு முடிவு கட்டிடுறாங்க, ஆனா பெரும்பாலும் பிரச்சனை பெல்ட்லயோ எர்த்லயோ கன்ட்ரோல் பாக்ஸ்லயோ (கட்அவுட்டும் ரெகுலேட்டரும் இருக்கற பெட்டி) இருக்கும், அதெல்லாம் அப்படியே இருக்க ஆல்டர்னேட்டர் மாட்டினா அதே துருப்பிடிச்ச எர்த் அதையும் படுத்தும்.

பெல்ட்டோட நீளமான பக்கத்துல நடுவுல விரலால அமுக்குங்க, சுமாரா 13 மிமீ உள்ள போகணும். அதுக்கு மேல போனா வழுக்குது. ரொம்ப டைட்டா வெச்சா டைனமோவோட பின் பக்க புஷ் தேயும். அப்புறம் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டையை கழட்டி ரெண்டு பக்கமும் பளபளன்னு தேச்சு திரும்ப மாட்டுங்க, கன்ட்ரோல் பாக்ஸ் எர்த்தையும் அப்படியே.

அடுத்து மல்டிமீட்டர். லூகாஸ் வகைன்னா டைனமோல ரெண்டு டெர்மினல் இருக்கும், பெருசு டி (கரண்ட் வெளிய வர்றது), சின்னது எஃப் (ஃபீல்டு). ரெண்டு வயரையும் கழட்டிட்டு டெர்மினல் ரெண்டையும் ஒரு துண்டு வயரால ஒண்ணா சேத்துடுங்க. மீட்டரோட ஒரு முனை அதுல, இன்னொண்ணு டைனமோ பாடில. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஆக்சிலேட்டர் குடுங்க. வோல்டேஜ் தடங்கல் இல்லாம ஜிவ்வுனு ஏறணும், 20 வோல்டை தாண்ட விடாதீங்க, 1,000 ஆர்பிஎம் கிட்டயே நிறுத்திடுங்க, ஏன்னா இப்ப அதைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் லைன்ல இல்ல. ஏறுச்சுன்னா டைனமோ நல்லாருக்கு, கோளாறு கன்ட்ரோல் பாக்ஸ்லயோ வயர்லயோ. அரை வோல்ட், ஒரு வோல்ட்லயே நின்னா ஃபீல்டு காயில் மேல சந்தேகப்படலாம். 4, 5 வோல்ட்ல நின்னா ஆர்மேச்சர். ஒண்ணுமே வரலன்னா பிரஷ் தேஞ்சிருக்கும், இல்ல மாட்டிக்கிட்டு இருக்கும்.

பின் மூடியை கழட்டி பாத்தா நிறைய விஷயம் கண்ணுக்கே தெரியும். கம்யூட்டேட்டர் காப்பிக் கலர்ல வழவழன்னு இருந்தா தொடாதீங்க. கருப்பா, கோடு கோடா இருந்தா நைஸ் உப்புத்தாளை சுத்தி பிடிச்சு ஆர்மேச்சரை சுத்தி சுத்தி தேயுங்க. எமரி பேப்பர் கூடவே கூடாது, அந்த துகள் கரண்டை கடத்தும், செம்பு துண்டுங்களுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும். அந்த துண்டுங்களுக்கு இடையில இருக்கற மைக்கா செம்பு மட்டத்துக்கு வந்துருச்சுன்னா பிரஷ் அது மேல ஏறி ஏறி குதிக்கும், நெருப்பு பொறி பறக்கும். ஹாக்ஸா பிளேடோட பக்கத்தை தேச்சு மெல்லிசாக்கி ஒவ்வொரு சந்தா முக்கால் மிமீ ஆழத்துக்கு மைக்காவை சுரண்டி எடுக்கணும், பிசிறு இல்லாம. பொறுமையான வேலைதான், ஆனா டைனமோ திரும்ப உயிரோட வந்துடும். புது மாடல் சி40-ல கம்யூட்டேட்டர் வார்ப்பு வகையா இருக்கலாம், அதுல இவ்வளவு ஆழமா போகாதீங்க. பின் பக்க புஷ்ஷுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ரெண்டு மூணு சொட்டு எஞ்சின் ஆயில் அங்க. அதிகம் விட்டா பிரஷ்ல ஏறிடும்.

கழட்டி மாட்டின டைனமோவை, புதுசா வாங்கினதை, ரொம்ப நாள் சும்மா கெடந்ததை எல்லாம் போலரைஸ் பண்ணனும். உள்ள இருக்கற இரும்புல மிச்சம் இருக்கற காந்தம் சரியான திசைல இருந்தாத்தான் சரியான பக்கம் கரண்ட் வரும். லூகாஸ்ல ரெண்டு வயரும் கழட்டின நிலைல, பேட்டரியோட எர்த் ஆகாத முனைல இருந்து ஒரு வயர் எடுத்து எஃப் டெர்மினலை சும்மா தொட்டு தொட்டு எடுங்க, சின்ன பொறி வரும், ரெண்டு மூணு தடவை போதும். அமெரிக்க கார்ல ரெண்டு வகை. டெல்கோ ரெமி மாதிரி ஃபீல்டை ரெகுலேட்டர் எர்த் பண்ற வகைக்கு ரெகுலேட்டர்ல பேட்டரி டெர்மினலையும் ஜெனரேட்டர் டெர்மினலையும் ஒரு நொடி தொட வைக்கணும். பழைய ஃபோர்டு மாதிரி ஃபீல்டு உள்ளயே எர்த் ஆன வகைக்கு ஃபீல்டு வயரை ரெகுலேட்டர்ல இருந்து கழட்டி அந்த வயரை பேட்டரி டெர்மினல்ல தொடணும். மாத்தி செஞ்சா ரெகுலேட்டர் பாயிண்ட் எரிஞ்சுடும், அதனால உங்களது எதுன்னு சர்வீஸ் புக்கை பாத்துட்டு கை வைங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு எஞ்சின் 2,000 ஆர்பிஎம் தாண்டி ஓடும்போது பேட்டரில 13.8-ல இருந்து 14.5 வோல்ட் வந்தா, லோடு கணக்கும் ஒத்து வந்தா, இங்கயே படிக்கிறதை நிறுத்திடலாம், உங்களுக்கு ஆல்டர்னேட்டர் தேவையில்ல.

படி 3: மாத்த முடியுமா, தடங்கல் என்னென்ன

சில கார்ல டைனமோ கரண்ட் குடுக்கறதோட வேற வேலையும் பாக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல எஞ்சினை குளுமைப்படுத்துற ஃபேன் டைனமோ ஷாஃப்ட்லயே இருக்கு, அங்க அந்த எஞ்சினுக்குன்னே செஞ்ச ஆல்டர்னேட்டர்தான் போட முடியும், கண்டதை போட முடியாது. சில பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல ஆர்பிஎம் மீட்டர் கேபிள் டைனமோ பின்னாடி இருந்து போகும், 1950-கள்ல சில அமெரிக்க கார்ல பவர் ஸ்டியரிங் பம்பு டைனமோ முதுகுலயே உக்காந்திருக்கும். இதுக்கெல்லாம் மாத்து வழி யோசிக்காம டைனமோவை கழட்டினா கார் ஷெட்டுலயே நிக்கும்.

6 வோல்ட் காருக்கு 6 வோல்ட் ஆல்டர்னேட்டர் கிடைக்குது. இல்ல மொத்தமா 12-க்கு போகணும்னா பல்பு, காயில், ஹாரன், மீட்டர், வைப்பர் மோட்டார் எல்லாத்தையும் பாக்கணும், பழைய வயருங்க மட்டும் பிரச்சனை தராது, அதே வாட்ஸுக்கு கரண்ட் பாதியாயிடும்ல. ஃபோர்டு மாடல் ஏ மாதிரி மூணாவது பிரஷ் வகை டைனமோன்னா அதுல வோல்டேஜ் ரெகுலேட்டரே கிடையாது, அந்த பிரஷ்ஷை நகத்தித்தான் ஆம்ப் செட் பண்ணனும். அது ஓடும்போது பேட்டரி வயர் கழண்டா வோல்டேஜ் எகிறி பல்பு எல்லாம் போயிடும்.

படி 4: எர்த் எந்தப் பக்கம்

நிறைய பிரிட்டிஷ் கார் 60-கள் நடு வரைக்கும் பாசிட்டிவ் எர்த். டைனமோக்கு அது பெரிய விஷயமில்ல, போலரைஸ் பண்ணா எந்தப் பக்கமும் ஓடும். ஆல்டர்னேட்டர்ல பேட்டரியை மாத்தி மாட்டினா டயோடு அந்த நொடியே காலி. ஆகவே ஒண்ணு பாசிட்டிவ் எர்த்துக்குன்னே செஞ்ச ஆல்டர்னேட்டர் வாங்கணும், இல்ல காரை நெகட்டிவ் எர்த்தா மாத்தணும்.

மாத்துறது பெரிய வேலையில்ல. பேட்டரியை திருப்பி வெச்சு கேபிள் முனையை மாத்தணும், பாசிட்டிவ் குமிழ் கொஞ்சம் தடிமன்ங்கறதால பழைய கிளாம்ப் சரியா உக்காராது. அம்மீட்டர் வயரை மாத்தி போடணும், காயில்ல ரெண்டு சின்ன வயரையும் மாத்தணும். ஸ்டார்ட்டர் மோட்டார் எப்பவும் போலவே சுத்தும். ஆனா ரேடியோ, எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டர், டயோடு வெச்ச பெட்ரோல் பம்பு, நிரந்தர காந்தம் இருக்கற புளோயர் மோட்டார் இதெல்லாம் ஒண்ணொண்ணா பாக்கணும், முதல் மூணும் புகைஞ்சுடும், கடைசில இருக்கறது ரிவர்ஸ்ல சுத்தும்.

படி 5: எந்த ஆல்டர்னேட்டர்

பெருசா வாங்குறதுதான் இங்க எல்லாரும் விழற குழி. லோடு 25 ஆம்ப் இருக்கற காருக்கு 100 ஆம்ப் எதுக்கு? 35-ல இருந்து 45 ஆம்ப் தாராளம். லூகாஸ் 16ஏசிஆர் 34 ஆம்ப், 17ஏசிஆர் 36, 18ஏசிஆர் 45, பெரும்பாலான பிரிட்டிஷ் காருக்கு இதுவே போதும். பெரிய ஆல்டர்னேட்டர்னா பேட்டரி டவுனா இருக்கும்போது அவ்வளவு கரண்டையும் தள்ள பாக்கும், உங்க 60 வருஷ பழைய வயரும் 30 ஆம்ப் அம்மீட்டரும்தான் அதுக்கு நடுவுல நிக்குது.

அதே மாடல்ல பின்னாடி வந்த வருஷத்துக்கு கம்பெனியே ஆல்டர்னேட்டர் குடுத்திருந்தா அந்த பிராக்கெட், புல்லி, ஆல்டர்னேட்டர் மூணையும் அப்படியே எடுத்து மாட்டிடுங்க, வெல்டிங் வேலை மிச்சம். வெளிய பாத்தா டைனமோ, உள்ள ஆல்டர்னேட்டர்னு இருக்கற ஐட்டமும் கிடைக்குது, பாசிட்டிவ் எர்த்லயும் வரும். விலை கூடத்தான், ஆனா துருத்திக்கிட்டு தெரியாதுங்கறதால ஒரிஜினல் தோற்றத்துக்கு மனசு அடிச்சிக்கிறவங்களுக்கு எனக்கு தெரிஞ்சு இதுதான் நல்ல வழி.

டெல்கோ 10எஸ்ஐ மாதிரி மூணு வயர் ஆல்டர்னேட்டரை ஒத்தை வயரா மாத்தி விக்கிறதை ஈஸின்னு நிறைய பேர் வாங்குறாங்க. வயரிங் ஈஸிதான், ஆனா ஸ்டார்ட் பண்ணதும் ஒரு தடவை ரெய்ஸ் பண்ணாத்தான் சார்ஜ் ஆரம்பிக்கும், வார்னிங் லைட்டும் இருக்காது. நான் மூணு வயர் பக்கம்தான்.

படி 6: மாட்டுறது

பேட்டரியை கழட்டாம ஸ்பேனரை எடுக்காதீங்க, ஆல்டர்னேட்டரோட பெரிய டெர்மினல்ல எப்பவும் நேரா பேட்டரி இருக்கும், சாவி எடுத்திருந்தாலும்.

ஒரு நேரான பட்டையை கிராங்க் புல்லி முகத்துல வெச்சு ஆல்டர்னேட்டர் புல்லியும் அதே கோட்டுல இருக்கான்னு பாருங்க. வாஷர் வெச்சு சரி பண்ணுங்க. சாஞ்சிருந்தா பெல்ட் கீச்சுனு கத்தும், கருப்பு பவுடர் கொட்டும், சில மாசத்துல அறுந்துடும். புல்லி பள்ளம் உங்க பெல்ட் அகலத்துக்கு ஒத்து வரணும், பழைய கார் பெல்ட் அகலமா இருக்கும், ஆல்டர்னேட்டரோட வர்ற புல்லி ஒடுக்கமா இருக்கும். எந்தப் பக்கம் சுத்தினாலும் கரண்ட் வரும், ஆனா ஃபேன் பிளேடு வளைஞ்ச வகைன்னா தப்பான பக்கம் சுத்தினா காத்து இழுக்காது, சூட்டுல செத்துடும்.

வயரிங்ல லூகாஸ் காருக்கு அழகா ஒரு வழி இருக்கு. கன்ட்ரோல் பாக்ஸை அங்கயே விட்டுட்டு வெறும் ஜங்ஷனா மாத்திக்கலாம், பாக்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும். உள்ள இருக்கற காயில் கனெக்‌ஷனை துண்டிச்சுட்டு, டி-ல வந்த தடி வயரை ஏ, ஏ1 (பேட்டரிக்கும் லோடுக்கும் போற) வயருங்களோட சேருங்க, அது ஆல்டர்னேட்டரோட சார்ஜிங் வயர் ஆயிடும். எஃப்-ல வந்த மெல்லிசு வயரை வார்னிங் லைட் வயரோட (சில பாக்ஸ்ல டபிள்யூஎல்னு போட்டிருக்கும்) சேருங்க. ஆனா அந்த டி வயர் 22 ஆம்புக்குன்னு போட்டது, 34, 45 ஆம்ப் அது வழியா போனா சூடாகும். பழைய வயரை விட்டுட்டு புதுசா ஒண்ணு ஆல்டர்னேட்டர்ல இருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டோட (ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) பேட்டரி டெர்மினலுக்கு நேரா இழுங்க: 35 ஆம்புக்கு 4.5 சதுர மிமீ, 42-க்கு 6, 50-க்கு 7. பேட்டரி பக்கத்து முனைல ஒரு 60 ஆம்ப் ஃபியூஸ். இப்படி நேரா இழுத்தா அம்மீட்டர் சரியா காட்டாது, காட்டாட்டி போகுது, ஒரு வோல்ட்மீட்டர் மாட்டுங்க, அதுதான் நிஜமா உபயோகம்.

வார்னிங் லைட்டுக்கு 12 வோல்ட் 2.2 வாட் சாதா பல்பு. அது வழியா போற அந்த துளி கரண்ட்தான் ரோட்டரை முதல்ல எழுப்பி விடுது, பல்பு ஃபியூஸ் ஆனா சார்ஜ் ஆகாமலே போகலாம், எல்இடி போட்டாலும் அதே கதை. சாவியை எடுத்தும் எஞ்சின் நிக்க மாட்டேங்குதுன்னா அந்த வயர் வழியா கரண்ட் இக்னிஷனுக்கு திரும்பி வருது, லைன்ல ஒரு டயோடு போட்டா நின்னுடும்.

படி 7: முதல் ஸ்டார்ட்

சாவி போட்டதும் சிவப்பு லைட் எரியணும், எஞ்சின் ஓடினதும் அணையணும். பேட்டரில 13.8-ல இருந்து 14.4 இருக்கணும். எல்லா லைட்டையும் வைப்பரையும் போட்டுட்டு ஐட்லிங்ல பாருங்க, 13-க்கு கீழ போகக்கூடாது. அப்புறம் மீட்டரோட ஒரு முனை ஆல்டர்னேட்டர் பெரிய டெர்மினல்ல, இன்னொண்ணு பேட்டரி பாசிட்டிவ்ல வெச்சு பாத்தா அரை வோல்டுக்கு மேல காட்டினா வயர்லயோ ஜாயிண்ட்லயோ நஷ்டம் ஆகுது. எர்த் பக்கமும் அதே டெஸ்ட் பண்ணுங்க, ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல. அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து எஞ்சினை நிறுத்தி, ஜாயிண்ட் ஒவ்வொண்ணையும் கையால தொட்டு பாருங்க, சுடுற இடத்துல திரும்ப கிரிம்ப் பண்ணனும். பெல்ட்டையும் அப்பவே மறுபடி டைட் பண்ணுங்க, புது பெல்ட் கொஞ்சம் இளகும்.

எஞ்சின் ஓடும்போது "சார்ஜ் ஆகுதான்னு பாக்க" பேட்டரி வயரை கழட்டுற பழக்கம் டைனமோ காலத்தோடது, ஆல்டர்னேட்டர்ல அது டயோடை கொல்லும். கார்ல வெல்டிங் வைக்கும்போதும் ஆல்டர்னேட்டர் வயரை கழட்டிடுங்க.

கழட்டின டைனமோவை அதோட புல்லி, பிராக்கெட், போல்ட் எல்லாத்தோடயும் ஒரே பையில போட்டு ஈரம் படாத இடத்துல வைங்க. காரை விக்கும்போது வாங்குறவர் கேப்பார், திரும்ப மாட்டுறவர் யாரா இருந்தாலும் போலரைஸ் பண்ணிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணனும்னு பையில ஒரு சீட்டு எழுதி போட்டுடுங்க, கார் எந்த எர்த்ல இருக்குங்கறதையும் சேத்து.